பீச்ட்ரீ சாலையில் இருவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அந்நகரத்தில் வழி கேட்டு நடப்பவன் ஒரு சங்கடத்திற்கு ஆளாவான். எந்தத் தெருப் பலகையைப் படித்தாலும் அதில் 'பீச்ட்ரீ' என்ற சொல் வந்து நிற்கும். பீச்ட்ரீ தெரு, பீச்ட்ரீ சாலை, மேற்குப் பீச்ட்ரீ தெரு என்று பத்துக் கணக்கில் உண்டு. ஐரோப்பியர் குடியேறுமுன் அங்கு வாழ்ந்த மஸ்கோகி பழங்குடியினரின் சிற்றூர் ஒன்று, சாட்டஹூச்சி ஆற்றங்கரையில் 'நிற்கும் பீச் மரம்' என்னும் பெயரோடு இருந்ததாம். அது பழம் தரும் பீச் மரமன்று, பிசின் வடியும் பைன் மரமே. சொல் திரிந்துவிட்டது என்று வாதிடுவோரும் உளர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இப்பெயர்க் காட்டின் நடுவே தலையாய சாலை ஒன்றுதான். அச்சாலையில் 2019-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் காலையில், 64 வயது நிறைந்த நானும் 59 வயதான என் மனைவியும் ஓடினோம்.

ஓடினோம் என்று எழுதும்போது எனக்கே நகைப்பு வருகிறது. நேரில் கண்டவர்கள் அதனை விரைந்த நடை என்றே குறித்திருப்பார்கள். ஆயினும் மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, தொடக்கக் கோட்டைத் தாண்டி, 10 கிலோமீட்டர் தொலைவையும் எங்கள் கால்களாலேயே கடந்தோமாதலால் அச்சொல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாரத்தானை நோக்க இது குறுந்தூர ஓட்டமே. எங்களுக்கோ வாழ்வில் அதுதான் முதல் ஓட்டம்.

இந்த ஓட்டம் பிறந்த வரலாறு எளியது. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிம் சிங்கிள்டன் என்பவர் 1969-ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைத் திருநாளன்று, நண்பர்கள் சிலரோடு வேற்றூர் சென்று அங்கு நடந்த ஓட்டமொன்றில் கலந்துகொண்டு திரும்பினார். நம் ஊரிலேயே இதனை நடத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. மறு ஆண்டு, 1970 ஜூலை 4 அன்று, பீச்ட்ரீ சாலையில் முதல் ஓட்டம் நடந்தது. முடித்தவர்கள் 110 பேர். ஆண்களில் முதல்வராக வந்தவர் ஜெஃப் காலவே. பெண்களில் கேல் பாரன். நாங்கள் ஓடிய ஆண்டு அதன் ஐம்பதாவது ஓட்டம். பதிவு செய்திருந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். இத்தனை பேர் கூடும் 10 கிலோமீட்டர் ஓட்டம் உலகிலேயே மிகச் சிலவே.

நிற்க. நாங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள் அட்லாண்டாவின் புறநகரொன்றில் கணவரோடும் குழந்தையோடும் வாழ்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக ஏப்ரல் மாதம் நாங்கள் அங்கே போனோம். இந்த ஓட்டத்தில் இடம் பெறுவது அப்போது எளிதாயிருக்கவில்லை. உறுப்பினரல்லாதோர் குலுக்கலில் பெயர் தர வேண்டியிருந்தது. எங்களைக் கேளாமலேயே மார்ச் மாதத்தில் மகள் தங்கள் இருவர் பெயரோடு எங்கள் இருவர் பெயரையும் ஒரே குழுவாகச் சேர்த்து அனுப்பியிருந்தாள். குழுவாக அனுப்பினால் விழும்போது எல்லார்க்கும் சேர்ந்தே விழும் என்பது அன்றைய முறை. விழுந்துவிட்டது. பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மகளும் மருமகனும் வீட்டிலேயே தங்க நேர்ந்தமையால், இறுதியில் களத்தில் இறங்கியவர்கள் கிழவனும் கிழவியும் மாத்திரமே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. 2016-இல் எனக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதன் பின்னர் நாள்தோறும் நடக்கிறேன். புறப்படுமுன் ஊரில் மருத்துவரிடம் கேட்டோம். ட்ரெட்மில்லில் ஏற்றிச் சோதித்துவிட்டு, "போட்டி போடாமல், மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் போகலாம், வலி தோன்றினால் நின்றுவிட வேண்டும், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கையோடு இருக்க வேண்டும்" என்றார். 'போகலாம்' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மற்றவை யாவும் என் மனைவியின் காதில் விழுந்தன.

அவளுக்கு ஓட்டத்தில் நாட்டமே இல்லை. ஆனால் நடையில் அவளை வெல்ல எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று முறை கால்நடையாகச் சென்று வந்தவள். அம்மூன்று முறையும் நான் மூட்டை முடிச்சுகளோடு பேருந்தில் போய், அன்னையின் ஆலய வாயிலில் காத்திருந்தவன். அப்படிப்பட்டவள் இந்த ஓட்டத்திற்கு இசைந்ததற்குக் காரணம் ஒன்றே. நான் போவதை அவளால் தடுக்க இயலவில்லை. ஆகவே உடன் வந்தாள்.

மகள் ஒரு முறையைக் கற்றுத் தந்தாள். சிறிது நேரம் மெல்லோட்டம், சிறிது நேரம் நடை, மீண்டும் மெல்லோட்டம். களைப்பு வந்த பின் நடப்பதன்று. களைப்பு வருமுன்பே நடந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். இம்முறையை உலகறியச் செய்தவர் முன்னர்ச் சொன்ன அதே ஜெஃப் காலவே. 1972 ஒலிம்பிக்கில் தம் நாட்டிற்காக ஓடிய அவர், புதிதாக ஓட வருவோருக்குப் பயிற்சி தரத் தொடங்கியபோது, இடையிடையே நடக்கவிட்டால் காயமின்றி முடிக்கிறார்கள் என்று கண்டு அதனை ஒரு முறையாக்கினார். நாங்கள் கைக்கொண்ட கணக்கு ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மகள் வீட்டருகே ஒரு ஏரியைச் சுற்றிய பாதையில் மூன்று மாதம் பழகினோம். என் மனைவி சேலையை விட்டுச் சுடிதாருக்கும், செருப்பை விட்டுக் காலணிக்கும் மாறியது அப்போதுதான். கடிகாரம் பார்ப்பது என் வேலை. ஆனால் ஒரு நிமிடம் முடிந்ததும், நான் சொல்லுமுன்பே அவள் நடக்கத் தொடங்கியிருப்பாள். செபமாலையின் ஒரு பத்து மணிகளைச் சொல்ல இவ்வளவு நேரம், இரண்டு மணிகளுக்கு இவ்வளவு நேரம் என்ற கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னர் அறிந்தேன்.

முதல் நாள் இரவு அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "என் பக்கத்திலேயே வர வேண்டும். ஊரில் கோயிலுக்குப் போகிற மாதிரி பத்தடி முன்னே போகக்கூடாது." சரி என்றேன். என் கால்சட்டையில் பையில்லாமையால் மாத்திரைப் புட்டியை அவள் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

விடியுமுன் மருமகன் எங்களை டோரவில் என்னும் இரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அன்று இரயிலில் ஏறியோர் அனைவரும் எண் அட்டை குத்தியவர்களே. நம் ஊர்த் திருவிழாக் கூட்டம்தான்; மூட்டைகள் மட்டும் இல்லை. லெனாக்ஸ் நிலையத்தில் இறங்கி, லெனாக்ஸ் சதுக்கம் என்னும் பெரிய அங்காடியின் அருகே கூடினோம். ஓடுவோரை அவரவர் வேகத்திற்கேற்ப எழுத்து வரிசையில் 'அலை'களாகப் பிரித்து நிறுத்துகிறார்கள். முதலில் சக்கர நாற்காலியினர், பின்னர் உலகப் புகழ் பெற்ற வீரர்கள், பின்னர் ஏனையோர் அலையலையாக. எங்கள் எழுத்து கடைசிக்கு அருகில் இருந்தது. தொடக்கக் கோட்டின் மேலே, பாரந்தூக்கியில் கட்டிய பென்னம்பெரிய அமெரிக்கக் கொடி தொங்கிற்று.

நாங்கள் புறப்படுமுன்பே முன்னணி வீரர்கள் முடித்துவிட்டுக் குளித்துக்கூட இருப்பார்கள். அன்று நான்கு பிரிவுகளிலும் அந்தச் சாலையின் பழைய சாதனைகள் தகர்ந்தன. பெண்களில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் 30 நிமிடம் 22 வினாடியில் முடித்தார். சக்கர நாற்காலியில் டேனியல் ரோமன்சுக் எடுத்துக்கொண்டது 18 நிமிடம் 11 வினாடி. பெண்களில் மனுவேலா ஷேர் வென்றார். ஆண்களில் முதலாவதாக வந்த ரோனெக்ஸ் கிப்ருட்டோவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நா தயங்குகிறது. ஊக்கமருந்து விதிமீறலுக்காக 2024-இல் அவருக்குத் தடை விதிக்கப்பட்டு, 2018 செப்டம்பர் முதல் அவர் பெற்ற வெற்றிகள் நீக்கப்பட்டன. இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளையை அன்று எத்தனை ஆயிரம் பேர் கைதட்டி வரவேற்றார்கள்!

எங்கள் அலைக்கு முறை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அட்லாண்டாவின் ஜூலை வெயில் நம் வெயிலைப் போல் சுடுவதன்று, புழுக்கிப் பிழிவது. கொம்பு முழங்கியதும் கூட்டம் நகர்ந்தது. தொடக்கக் கோட்டில் தரையில் ஒரு பாய் விரித்திருந்தார்கள். எண் அட்டையின் பின்புறம் ஒட்டியுள்ள மின்னணுச் சில்லு, அப்பாயை நாம் மிதிக்கும் கணத்தைக் குறித்துக்கொள்ளும். முடிவுக் கோட்டிலும் அவ்வாறே. ஆகவே எவ்வளவு பின்னால் நின்றாலும் அவரவர் ஓடிய நேரம் அவரவர்க்கே. நான் அந்தப் பாயை மிதித்தபோது என் மனைவி எனக்கு இரண்டு மூன்றடி பின்னே இருந்தாள்.

முதல் மூன்று மைல் பெரும்பாலும் இறக்கம். இதுதான் அந்தச் சாலையின் கண்ணி என்று அனுபவமுள்ளோர் சொல்வார்கள். இருபுறமும் மக்கள் மணியடித்தும் பாடியும் ஆர்ப்பரித்தும் நிற்கிறார்கள். தோட்டக் குழாயைப் பிடித்து நம்மீது நீர் பீய்ச்சும் சிறுவர்கள், சங்கீதக் கோஷ்டிகள், சுதந்திர தேவியைப் போல் வேடமிட்ட ஒரு பாட்டி. நான் யாரென்று அறியாத ஒரு நகரம் என் பெயரைச் சொல்லாமலே என்னைப் பாராட்டிற்று. கால் தானாக நீண்டது. முதலாவது நடை நிமிடம் வந்தபோது மனைவி "நடக்கலாம்" என்றாள், நடந்தேன். இரண்டாவது முறையும் நடந்தேன். மூன்றாவது முறை அவள் சொன்னது என் காதில் விழவில்லை என்று பிற்பாடு சொன்னேன். அது பொய். விழுந்தது.

பக்ஹெட் என்னும் பகுதியைத் தாண்டினால் சாலையோரத்தில் இரண்டு பேராலயங்கள் ஏறக்குறைய எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று நம் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் கிறிஸ்து அரசர் பேராலயம். அதன் கதை கேட்கத் தக்கது. அது நிற்கும் நிலத்தில் முன்பு வெண்தூண்கள் வைத்த ஒரு மாளிகை இருந்தது. கறுப்பின மக்களையும் யூதரையும் கத்தோலிக்கரையும் பகைத்துத் திரிந்த கு கிளக்ஸ் கிளான் என்னும் இரகசியக் கூட்டத்தின் தலைமை இல்லம் அதுவே. கூட்டம் நொடித்துக் கடனில் மூழ்க, அந்நிலம் கைமாறி, 1936-இல் நம் திருச்சபையின் கைக்கு வந்தது. 1939 ஜனவரியில் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோது ஆயர் ஓ'ஹாரா, அக்கூட்டத்தின் தலைவராயிருந்த ஹைரம் எவான்ஸுக்கே அழைப்பு விடுத்தார். அவரும் வந்து கலந்துகொண்டார்! அன்றைய வழிபாட்டில் அவர் மனத்துள் என்ன ஓடிற்றோ, தேவனுக்கே வெளிச்சம்.

மற்றொன்று நம் பிரிந்த சகோதரரான எப்பிஸ்கோப்பல் சபையாரின் புனித பிலிப்பு பேராலயம். ஓட்டத்தன்று அந்த ஆலயத்தின் தலைமைக் குரு சாலையோரம் வந்து நின்று ஓடுவோர்மீது தீர்த்தம் தெளிப்பது அங்கே பல்லாண்டு வழக்கம். கத்தோலிக்கன், யூதன், இந்து, ஒன்றும் நம்பாதவன் என்ற பேதமின்றி எல்லாரும் அந்தப் பக்கமாக ஒதுங்கித் தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். நானும் ஒதுங்கினேன். குளிர்ந்த துளிகள் நெற்றியில் விழுந்தன. சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, "பார்த்தாயா!" என்று சொல்லிப் பக்கத்தில் திரும்பினேன்.

அங்கே நின்றவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். அவரும் மரியாதையாகத் தலையசைத்தார்.

அப்போதே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எத்தனையோ ஆயிரம் பேரின் ஓட்டத்திற்கு எதிராக எப்படி நிற்பது, அவள் வந்துவிடுவாள், அடுத்த தண்ணீர்ப் பந்தலில் காத்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த தண்ணீர்ப் பந்தல் வந்தது. தொண்டர் ஒருவர் நீட்டிய காகிதக் குவளையை வாங்கிக் குடித்துவிட்டு மேலே ஓடினேன். மூன்றாண்டுகளாக நோயாளி என்று பெயர் வாங்கிய ஒருவனுக்கு, தன்னை யாரும் நோயாளியாகப் பாராத ஓர் இறக்கத்தில் ஓடுவது எப்படியிருக்கும் என்பதை, அவ்வாறு பெயர் வாங்கியவர்களே அறிவர். இதை நியாயமென்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இறக்கத்தின் அடியில் பீச்ட்ரீ ஓடை குறுக்கிடுகிறது. 1864 ஜூலையில் உள்நாட்டுப் போரின்போது இந்த ஓடையைக் கடந்து வந்த வடபடையும், அட்லாண்டாவைக் காத்து நின்ற தென்படையும் மோதியது இந்தச் சுற்றுப்புறத்தில்தான். ஓடையைத் தாண்டியதும் சாலை தலை நிமிர்கிறது. முக்கால் மைல் ஏற்றம். அதற்கு ஓட்டக்காரர்கள் வைத்துள்ள பெயர் 'இதயக் குன்று'. ஏற்றத்தின் உச்சியில் ஒரு பெரிய மருத்துவமனை அமைந்திருப்பதால் பெயர் இன்னும் பொருந்திவிட்டது. மகள் இப்பெயரை எங்களிடம் சொல்லவில்லை. தாய்க்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்று மறைத்துவிட்டாள்.

குன்றின் பாதியில் மூச்சு அறுந்தது. வலி என்று சொல்ல முடியாது. மார்பின் நடுவே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போலிருந்தது. இறைக்க இறைக்க நடந்தேன். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. பை இல்லை. மாத்திரை அவளிடம் இருந்தது.

அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த அச்சம் என் உயிரைப் பற்றியதன்று என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் என்னைப் பற்றியே அஞ்சினேன். ஓரமாக ஒதுங்கி, விளக்குக் கம்பமொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அழுத்தம் மெல்ல விட்டது. மருத்துவர் சொன்னது போலப் பேசக்கூடிய அளவுக்கு மூச்சு திரும்பிற்று. பேசத்தான் ஆளில்லை. பின்புதான் மற்றொரு நினைவு வந்தது. பின்னால் அவள் வருகிறாள். என்னைக் காணாமல் வருகிறாள். நான் எங்கோ விழுந்து கிடப்பதாகவே எண்ணிக்கொண்டு வருவாள். சைகையும் நாலைந்து ஆங்கிலச் சொற்களும் தவிர வேறு மொழி அவளுக்கு அங்கே இல்லை.

குன்றின் உச்சிவரை மெல்ல நடந்து, அங்கே நின்றேன். நான் நின்ற இடம் ஷெப்பர்டு மையத்தின் வாயில். தண்டுவடமும் மூளையும் அடிபட்டோருக்கு மறுவாழ்வு தரும் மருத்துவமனை அது. 1973-இல் பிரேசில் நாட்டுக் கடலில் அலையில் புரண்டு தண்டுவடம் முறிந்த ஓர் இளைஞரின் பெற்றோர், தங்கள் ஊர்ப்பக்கத்தில் தக்க மருத்துவமனை இல்லையே என்று வருந்தி, 1975-இல் தாங்களே தொடங்கியது. ஓட்டத்தன்று அங்குள்ள நோயாளிகளைச் சக்கர நாற்காலிகளிலும் சிலரைக் கட்டிலோடும் நடைபாதைக்குக் கொண்டு வருகிறார்கள். அவர்கள் வரிசையாக அமர்ந்து, ஓடுவோரை உற்சாகப்படுத்துகிறார்கள். கை அசைக்க இயன்றவர் கை அசைக்கிறார். இயலாதவர் கண்ணால் சிரிக்கிறார். நல்ல கால்கள் உள்ளவர்கள் அந்தக் குன்றில் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சந்தான், விடாதே!" என்று அவர்கள் கூவும்போது, ஓடுகிறவர்கள் வரிசையாக வந்து அவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் ஓடாமல் நிற்பதைக் கண்டு, நாற்காலியிலிருந்த வாலிபர் ஒருவர் "நலமா?" என்றார். முப்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டிருந்தார். "நலம். மனைவிக்காகக் காத்திருக்கிறேன்" என்றேன்.

"நானும் அப்படித்தான்" என்றார். "அவள் இப்போது வரவேண்டும். சென்ற ஆண்டு இருவரும் சேர்ந்து ஓடினோம்."

பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி முதலில் வந்தார். நெட்டையான பெண். கூட்டத்தை விட்டு ஓடி வந்து, அவர் தலையில் முகத்தை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பின்னர் அவர் ஏதோ சொல்ல, சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஓடிப்போனார்.

என் மனைவி அதற்கும் ஏழெட்டு நிமிடங்களுக்குப் பின் வந்தாள். தொலைவிலேயே கண்டுகொண்டேன். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற கணக்கு அந்த ஏற்றத்திலும் பிசகவில்லை. ஆனால் முகம் நேராகப் பாதையைப் பார்க்கவில்லை. இடமும் வலமும் நடைபாதைகளைத் துழாவிக்கொண்டே வந்தது. வழியிலிருந்த முதலுதவிக் கூடாரங்களில் எல்லாம் நுழைந்து, கட்டில்களில் கிடந்தவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு கூடாரத்தில் என் உயரத்தைக் கையால் காட்டி, வழுக்கையைக் காட்டி, 'ஹஸ்பெண்டு' என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் கம்பியில்லாத் தந்தியில் அடுத்த கூடாரத்தைக் கேட்டுச் சொன்னார்களாம்.

என்னைக் கண்டதும் அவள் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இடுப்புப் பையைத் திறந்து மாத்திரைப் புட்டியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"தண்ணீர் குடித்தீர்களா?" என்றாள்.

"குடித்தேன்."

"நடப்போம்."

நாற்காலியிலிருந்த வாலிபர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்த முயன்றார். அவள் குனிந்து அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்து, நாம் குருக்களின் கையை முத்தி செய்வோமே, அவ்வாறு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது.

அதன் பின்னர் நாங்கள் ஓடவில்லை, பெரும்பாலும் நடந்தோம். குன்று முடிந்ததென்று எண்ணியவர்களை ஏமாற்ற, புரூக்வுட் இரயில் நிலையத்தையும் நெடுஞ்சாலைப் பாலத்தையும் கடந்ததும் மற்றோர் ஏற்றம் காத்திருந்தது. அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. அந்த ஏற்றத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "வீட்டில் பேசிக்கொள்ளலாம். இப்போது மூச்சை வீணாக்காதீர்கள்" என்று பதில் வந்தது.

பதின்மூன்றாம் தெரு சந்திக்கும் இடத்தைக் கடக்கும்போது மட்டும் நானாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 'கான் வித் த விண்ட்' என்னும் புகழ் பெற்ற நாவலை எழுதிய மார்கரெட் மிச்சல், 1949 ஆகஸ்டில் கணவரோடு அந்த இடத்தில் தெருவைக் கடந்தபோதுதான் கார் மோதி வீழ்ந்தார். ஐந்தாம் நாள் உயிர் நீத்தார். அந்நாவலின் பெரும்பகுதியை எழுதிய சிறு வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பத்தாம் தெரு முனையில் உள்ளது. அவருடைய தாயார் கத்தோலிக்கர். அவருடைய அண்ணன் மகன் இறந்தபோது, அந்நாவலின் உரிமையில் தமக்கிருந்த பாதிப் பங்கை அட்லாண்டா உயர்மறைமாவட்டத்திற்கு எழுதிவைத்திருந்த செய்தி 2012-இல் வெளியாயிற்று. நாங்கள் காலையில் கடந்து வந்த கிறிஸ்து அரசர் பேராலயத்திற்கும் அதில் பங்கு சென்றது. அடிமை முறையைக் கண்டு கண்கலங்காத நாவல் அது என்ற குறை எனக்கு உண்டு. அதன் வருவாய், கிளான் கூட்டத்தின் நிலத்தில் எழுந்த ஆலயத்திற்கும் போய்ச் சேர்ந்ததை எண்ணி வியந்தேன்.

அந்த வீட்டருகே இடப்புறம் திரும்பினால் பத்தாம் தெரு. அங்கிருந்து பீட்மாண்ட் பூங்காவரை இறக்கம். கூட்டத்தின் ஆரவாரம் மீண்டும் காதை நிறைத்தது. கால் மீண்டும் நீளப் பார்த்தது. "இப்போது ஓடலாம்" என்று அவளே சொன்னாள். ஓடினோம். முடிவுக் கோட்டிலும் பாய் விரித்திருந்தார்கள். கைகோத்தபடி ஒரே அடியில் அதை மிதித்தோம்.

இந்த ஓட்டத்தில் எல்லார்க்கும் பதக்கம் தருவதில்லை. ஒரு டீ-சர்ட் தருகிறார்கள். பொதுமக்கள் வரைந்து அனுப்பும் ஓவியங்களில் ஒன்றைத் தெரிந்து அதில் அச்சிடுவார்கள். எந்த ஓவியம் என்பது அன்று காலைவரை இரகசியம். கடையில் வாங்க இயலாது, முடித்தவர்க்கே கிடைக்கும். ஆகையால் அட்லாண்டாவாசிகளுக்கு அது பட்டாடைக்கு நிகர். பூங்காப் புல்தரையில் உட்கார்ந்து, கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டே அவள் அதைத் தன் சுடிதாரின் மேலேயே அணிந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றாளல்லவா? பேசினாள். அதை இங்கே எழுதுவதற்கில்லை. மறுநாள் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும் என்று மகளும் அவளுமாகத் தீர்மானித்தார்கள். காட்டினோம், பரிசோதனைகளில் கேடு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குன்றில் தோன்றிய அந்த அழுத்தத்தைப் பற்றி நானே வாய்திறந்து சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அன்று மாலை மகள் கைப்பேசியில் முடிவுப் பட்டியலைக் காட்டினாள். என் பெயருக்கு நேரே 1 மணி 52 நிமிடம் 41 வினாடி. என் மனைவியின் பெயருக்கு நேரே 1 மணி 52 நிமிடம் 39 வினாடி.

"சேர்ந்துதானே முடித்தோம், இது எப்படி?" என்று அவள் கேட்டாள். முடிவுப் பாயை இருவரும் ஒன்றாகத்தான் மிதித்தோம். தொடக்கப் பாயை நான் உனக்கு முன்னால் மிதித்துவிட்டேன், அந்த இரண்டு வினாடியை என் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று விளக்கினேன். அவள் மகளிடம் சொல்லி அந்தப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்துத் தரச் செய்தாள். ஊருக்கு வந்த பின் அதை எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். அந்த மாத்திரைப் புட்டி இருப்பதும் அதே அலமாரியில்தான். நாள்தோறும் காலையில் நான் நடக்கப் புறப்படுமுன் அதைத் திறந்தாக வேண்டும்.